சரக்கின் விவரம்

வண்ணாரப்பேட்டை பார்சல் ஆபீஸில்
பையன் பேனாவைத் திறந்துகொண்டே கேட்டான்:
உள்ள என்ன அண்ணாச்சி?
சொன்னேன்.
பேனாவை மூடினான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது.
நானும் கையில் எதையும் கொண்டுபோகவில்லை,
விசாரிக்கத்தான் போனேன். அது அப்போது
வீரவநல்லூர் ஸ்டேஷன் பீரோவில்
அரக்குச் சீல் வைத்த துணிக்குள் கிடந்தது.
எனக்கு முன்னால் நின்றவர்
சாக்கில் கட்டிய பதினாறு அரிவாளை
சங்கரன்கோவிலுக்குப் போட்டார்.
விவசாயக் கருவி என்று எழுதினார்கள்.
நூற்றிருபது ரூபாய்.

பிரமநாயகம் அண்ணன் அதை வாங்கியது
அடகுக்கடை நன்றாக ஓடிய காலம்.
ராத்திரி நகையோடு வருகிறவன் என்று
மனுவில் காரணம் காட்டியிருந்தான்.
தேர்தல் அறிவித்தால் அது ஸ்டேஷனுக்குப் போகும்.
எல்லாம் முடிந்ததும் முதல் ஆளாகப் போய் நிற்பான்,
பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்பே
வாசலில் காத்திருக்கும் தகப்பனைப்போல.
அது இல்லாத அந்த மாதங்களில்தான்
மதினி நன்றாகத் தூங்கினாள் என்பது
எங்கள் யாருக்கும் தெரியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து
பந்தல் பிரிக்கையில் சொன்னாள்:
"அதை மட்டும் யார் தலையிலயாவது கட்டிருங்க."

போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரி, ஜெயவீரன்,
லைசென்ஸ் உள்ளவர்,
முப்பத்தையாயிரம் என்றார்.
வந்துசேருகிற செலவு உங்களுடையது என்றார்.
பெரிதாக என்ன வந்துவிடப்போகிறது என்று
போனிலேயே தலையாட்டினேன்.

வாரிசுச் சான்றுக்கு மூன்று நடை.
ஆட்சேபணை இல்லையென்று மதினி, மகன், மகள்.
மகள் இருப்பது மஸ்கட்டில்,
அவள் தாளுக்கு மட்டும் நாலாயிரத்து இருநூறு.
கொக்கிரகுளத்தில் விற்க அனுமதி, பிறகு
கொண்டுபோக அனுமதி,
இரண்டும் வெவ்வேறு மேசை.
ஒரு மேசைக்காரர் பேறுகால விடுப்பில் போன
மனைவியைப் பார்க்கப் போயிருந்தார்.
ஆற்றில் தண்ணீர் வற்றி, மறுபடி வந்தது.
ஸ்டேஷனில் இடமில்லையென்று
மதுரை காதர் மைதீன் கடைக்கு மாற்றினோம்:
மாசம் ஐந்நூறு, ஒன்பது மாசம்.
துப்பாக்கி ஒரு பெட்டி, தோட்டா ஒரு பெட்டி,
பேச்சுவார்த்தை அறுந்த சம்பந்திகள் மாதிரி.
போடிவரை கொண்டுபோகும் கடை ஆளுக்கு
டிக்கெட், படி, மத்தியானச் சாப்பாடு.
சாப்பாடு என்றால் பிரியாணி என்றார்.

ஸ்டேஷனில் இருந்து எடுத்த அன்றைக்கே
ரைட்டர் செல்வின் புத்தகத்தைப் புரட்டி நிறுத்தினார்.
"வாங்குனது இருவத்தஞ்சு. இங்க இருவத்திநாலு.
ஒண்ணு எங்கவே?"

அண்ணன் திருடனைச் சுட்டதில்லை.
பன்றியைச் சுட்டதில்லை.
கோபம் வந்தால் தட்டை நகர்த்திவைப்பான், அவ்வளவுதான்.

மதினியிடம் கேட்டேன்.
கேஸ் புத்தகம் தேடிக்கொண்டிருந்தவள்
தேடுவதை நிறுத்தினாள்.
உள்ளறைக் கதவைத் திறந்து
விசிறிக்கு ஒரு முழம் தள்ளி
மேலே காட்டினாள்.
தோசைக்கல் அகலத்துக்குப் பூச்சு,
சுற்றியிருந்ததைவிட வெளுப்பாக.

"கடையை மூடுன வருசம்," என்றாள்.
"கையைத் தட்டிவிட்டேன்."

கட்டிலை அப்புறம் பார்த்தேன்.
பாயைச் சுருட்டி நிறுத்தியிருந்தது.

படிவத்தில் காரணத்துக்கு ஒரு வரிதான் இடம்.
பழகிப் பார்த்தபோது, வானத்தை நோக்கி,
என்று எழுதினேன்.
குறுக்கே ஒரு கூரை இருந்ததை எழுதவில்லை.
செல்வின் படித்தார். என்னைப் பார்த்தார்.
மை தீர்ந்த முத்திரையை
இரண்டு தடவை அழுத்தினார்.

போன வாரம் கணக்கை ஒப்படைத்தேன்.
வரவு முப்பத்தையாயிரம்.
செலவு முப்பத்தோராயிரத்து நானூற்றுப் பத்து.
என் பஸ் காசை நான் சேர்க்கவில்லை.
மதினி ஒவ்வொரு வரியாக விரல் வைத்து இறங்கினாள்.
கடைசியில் மகனுடைய பென்சிலை வாங்கி
அடியில் ஒரு வரி சேர்த்தாள்:

கொத்தனார், 300.