மிகச் சிறிய வசனம்

ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு
போதகரின் மனைவி எப்போதும் கொடுப்பது அதுதான்:
இயேசு அழுதார்.
செமுவுக்கு அதுவும் நீளம்.
முதல் சொல்லோடு எழுந்து ஓடிவிடுவான்
பன்றிக்குட்டியின் பின்னால்.

வெள்ளை ஞாயிறுக்கு மூன்று நாள் இருந்தது.
அவன் அப்பா நியூசிலாந்தில் கிவிப்பழம் பறிக்கிறார்.
அங்கிருந்து வந்த சட்டை
அடுத்த வருஷத்தையும் சேர்த்து அளவெடுத்தது.
கையை மடித்துத் தைத்தேன்.
சுவரில்லாத வீடு எங்களுடையது;
எட்டாத உயரம் என்று நினைத்து
தூணில் ஆணி அடித்து மாட்டினேன்.

வியாழன் மாலை,
ஜெபவேளைக்குச் சங்கு ஊதியாயிற்று.
சவாயித் தீவில் அந்த நேரம்
நாய்கூடச் சாலையைக் கடக்காது.
கடந்தது ஒன்று,
வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு
நாலு காலில்.
பின்னாலேயே செமு:
"இதுக்கும் வெள்ளை ஞாயிறு வேணுமாம்."

காவலுக்கு நின்ற இளைஞர்கள் சிரித்துவிட்டார்கள்.
நானும் சிரித்திருக்கலாம்.
கையில் ஈர்க்குமாறு இருந்தது.
அவ்வளவுதான் காரணம்,
வேறு எதைச் சொன்னாலும் பொய்.
கெண்டைக்காலில் மெல்லிய கோடுகள்,
சீப்பால் வாரியது போல.

பிறகு பாய் விரித்து ஜெபித்தோம்.
பாட்டு நன்றாகவே வந்தது;
மூத்தவள் பிலேமு இரண்டாம் குரல் எடுத்தாள்.
ஆமென் சொன்ன வாய் மூடுமுன் கேட்டான்:
"அம்மா, இயேசுவை யார் அடிச்சாங்க?"

யாரும் அடிக்கலை.
சிநேகிதன் செத்துப்போனான், அதுக்கு அழுதார்.

"அவ்ளோ பெரியவரா இருந்துமா?"

தூங்கு, என்றேன்.
அவன் தூங்கினான்.
நான் கொசுவலைக்கு உள்ளே கையை விட்டு
அந்தக் கோடுகளின் மேல் தேங்காய் எண்ணெய் தடவினேன்,
இருட்டில், திருடியைப் போல.

வெள்ளிக்கிழமை பிளீச்சிங் பவுடர்.
சனிக்கிழமை எலுமிச்சையும் வெயிலும்.
முதுகில் ஒரு குளம்பு மட்டும் போகவில்லை.
ஒத்திகையில் போதகரின் மனைவி குனிந்து கேட்டாள்,
காலில் என்னடா?
"பாறையில விழுந்துட்டேன்" என்றான்.
எங்கள் ஊரே எரிமலை கக்கிய கறுப்புப் பாறை,
விழாத பிள்ளை கிடையாது.
அவள் நம்பினாள்.
வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த நான்
நிமிரவில்லை.

பிரம்பைப் பற்றிப் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவள் நான்.
என் அம்மாவின் கையையும் அறிவேன்.
ஆனால் யாரும் எனக்குச் சொன்னதில்லை:
பிள்ளை பொய் சொல்லக் கற்பது
நம்மைக் காப்பாற்றத்தான் என்று.

ஞாயிறு.
காலி கேஸ் சிலிண்டரைச் சுத்தியலால் தட்டி
மணி அடித்தார்கள்.
கோயில் முழுக்க வெள்ளை.
செமு மேடையேறினான்,
சட்டை முழங்காலைத் தொட,
முதுகில் குளம்போடு.
கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தான்.

"இயேசு அழுதார்."

கீழே இறங்க வேண்டியவன் இறங்கவில்லை.

"பாறையில விழுந்துட்டார்."

கோயில் குலுங்கிச் சிரித்தது.
போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
சிரிக்காதவர்கள் இருவர்:
நானும், அவர் மனைவியும்.

மதியம், இன்று ஒரு நாள்,
பிள்ளைகளுக்கே முதல் பந்தி.
நாங்கள் நின்று பரிமாற வேண்டும்.
சேம்பு, கோழி, தேங்காய்ப்பாலில் வெந்த கீரை,
கடைசியில் ஐஸ்கிரீம்.
தட்டை வைக்க அவன் முன்னே மண்டியிட்டேன்.
கோடுகள் மங்கியிருந்தன.
சொல்ல வேண்டியது மிகச் சிறியது,
அவன் வசனத்தைவிடவும் சிறியது.
முதல் எழுத்தோடு தொண்டை ஓடிவிட்டது.

செமு என் முகத்தைப் பார்த்தான்,
கரண்டியை நக்கினான்,
"நீயும் விழுந்துட்டியா?" என்றான்.

ஆமாம் என்றேன்.

இன்னொரு ஐஸ்கிரீம் கேட்டான்.
இன்று இல்லை என்று சொல்லக் கூடாது.
எழுந்து போனேன்.
முற்றத்தில் சீமைப்பலா இலைகள் விழுந்து கிடந்தன;
நாளைக் காலை பெருக்க வேண்டும்,
அதே ஈர்க்குமாறால்.