ஐம்பத்தைந்தரை பைட்

யாகுட்ஸ்க் சந்தையில் பாலை
வட்டு வட்டாக விற்கிறார்கள்.
தட்டினால் ஓடு போல் சத்தம் வரும்.
வீட்டில் சட்டியில் போட்டு அடுப்பேற்றினால்
மறுபடியும் பால்.
என் பிழைப்பும் இதுதான் என்று
பால் விற்கும் மத்ரியோனாவிடம் சொல்லியிருக்கிறேன்:
ஒரு வடிவத்தில் உறைந்ததை
இன்னொரு வடிவத்துக்கு உருக்கிக் கொடுப்பது.
சிரித்தாள். சில்லறையைத் தப்பாகக் கொடுத்தாள்.

விமானம் விநாடிக்கு அறுபத்து நான்கு சொல் பேசும்.
நாங்கள் அப்படித்தான் அழைக்கிறோம், சொல் என்று.
ஒவ்வொன்றும் பன்னிரண்டு பிட்.
உயரத்துக்கு ஒரு சொல், வேகத்துக்கு ஒன்று.
கதவு மூடியிருக்கிறதா என்பதற்கு
ஒரு சொல்லின் ஓரத்தில் ஒரே ஒரு துளி.
அறுபத்து நான்கும் வந்து சேர்ந்தால்தான்
அது விநாடி.

ஜனவரியில் ஒரு பெட்டி வந்தது.
ஆரஞ்சு நிறம்; ஊரெல்லாம் கறுப்பு என்று சொல்கிற பெட்டி.
மைனஸ் நாற்பத்தெட்டில்
டைகாவிலிருந்து இழுத்து வந்திருந்தார்கள்.
சரக்கு விமானம்.
ஓட்டியவர் காவ்ரில் ஓஹ்லோப்கோவ்.
அவர் முகத்தை நான் பார்த்ததில்லை.
அவர் விமானம் எத்தனை பாகை சாய்ந்து திரும்பும்
என்று மட்டும் தெரியும்.

மென்பொருளை ஓட்டினேன். ஒழுங்கான வரைபடம்.
மேலாளர் ப்ரோகோப்பி அறிக்கையில் எழுதினார்:
விமானி எதிர்வினை ஆற்றவில்லை.

உள்ளே போனதையும் வெளியே வந்ததையும்
எடைபோட்டுப் பார்ப்பது என் பழக்கதோஷம்.
ஐம்பத்தைந்தரை பைட் குறைந்தது.
அரை பைட்டை யார் திருடுவார்?

நான்தான்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி, என் கையால் எழுதியது:
முழுமையடையாத விநாடியைத் தள்ளிவிடு.
நான்கு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை.
மாஸ்கோவின் வரைபட நிரல்
அரைகுறை விநாடியைக் கண்டால் விக்கி நின்றுவிடும்.
இந்த வரியைச் சேர்த்ததும் விக்கல் நின்றது.
கடைசி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

தள்ளியதைத் தோண்டி எடுத்தேன். முப்பத்தேழு சொல்.
"அடிபடும்போது மின்சாரம் தடுமாறும்,
அது வெறும் இரைச்சல் துயாரா" என்றார் ப்ரோகோப்பி.
கட்டுப்பாட்டுத் தண்டு
விநாடிக்கு நான்கு முறை பேசும்.
மூன்றாம் சொல்: பின்னோக்கி இரண்டு பாகை.
பத்தொன்பதாம் சொல்: ஒன்பது.
முப்பத்தைந்தாம் சொல்: பதினான்கு.
இரைச்சல் இப்படிப் படியேறாது,
எண்ணெயில் விழுந்த நீர் போல் தெறிக்கும்.
இது கை.
தண்டை நெஞ்சோடு இழுத்த கை.

ஐம்பத்தோராம் சொல் வரவில்லை.

வந்து, பார்த்து, இழுத்து
என்று பாதியில் நிற்கும் வினையை
எச்சம் என்கிறது இலக்கணம்.
மிஞ்சியதற்கும் அதே பெயர்.
ஒருவர் விட்டுப்போனதற்கும் அதே பெயர்.
என் நிரலில் நான் அதற்கு வைத்திருந்த பெயர்
குப்பை.

வரியை அழித்தேன். புதிதாக எழுதினேன்:
குறையாக வந்ததையும் கொண்டுபோ.
வராத இடத்தை வரவில்லை என்றே காட்டு.
பூஜ்யம் போட்டு நிரப்பாதே,
பூஜ்யமும் ஓர் உயரம்தான்.
மாஸ்கோ விக்கினால் விக்கட்டும்.

ப்ரோகோப்பி மூன்று எண்களையும் நெடுநேரம் பார்த்தார்.
தன் வாக்கியத்தை அடித்தார்.
அடித்த கோடு காகிதத்தைக் கிழித்தது.
தேநீர் வேண்டுமா என்று கேட்டார்.
இதுவரை கேட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு
நாற்பத்தொரு கோப்புகளை மாற்றியிருக்கிறேன்.
பெரும்பாலானவை வழக்கமான சோதனை,
இறங்கி, அணைத்து, வீட்டுக்குப் போனவர்கள்.
ஏழு அப்படியல்ல.
ஏழுக்கும் அறிக்கை வெளியாகி, முத்திரை விழுந்து,
யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கிப் போய்விட்டார்கள்.

தேநீர் ஆறுகிறது.
முதல் கோப்பின் கடைசியில் பதினொரு சொல்.
இரண்டாவதில்
அறுபத்து மூன்று.