புயோங்

சின்ச்சுவில் காற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.
ஐந்தாம் மாடிக்கும் மேலே, தகரம் போட்ட அறை என்னுடையது.
வாடகை ஐயாயிரத்து ஐந்நூறு, மின்சாரம் தனி.
இரவெல்லாம் கூரை ஏதோ கேட்டுக்கொண்டே இருக்கும்.
நல்லவேளை, அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கீழே தெருமுனையில் இரவும் பகலும் மூடாத கடை.
கல்லாவில் நிற்பவளின் சட்டையில் பெயர்ப்பட்டை:
இரண்டு மரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் காடு.
எனக்குத் தெரிந்த ஒன்பது எழுத்தில் அது ஒன்று.
லின் என்று வாசிக்க வேண்டுமாம்.
மனசுக்குள் நான் காடு என்றே கூப்பிடுகிறேன்.

காடு ஒவ்வொரு ராத்திரியும் ஒரு கேள்வி கேட்பாள்.
நாலே அசை. கடைசி அசை, மா.
சாப்பிட்டியாம்மா, இன்னும் தூங்கலியாம்மா என்னும்போது
நம் வாயில் ஒட்டிக்கொண்டு வருமே, அந்த மா.
என்னிடம் இருந்த ஒரே சொல்லை எடுத்து நீட்டுவேன்:
புயோங். தேவையில்லை.
பை? புயோங்.
முக்கோணச் சோற்றைத் தூக்கிக் காட்டி இன்னொன்று கேட்பாள்.
புயோங்.
சூடாக்கித் தரவா என்று கேட்டிருக்கிறாள்,
மூன்று வாரம் சில்லென்று தின்ற பிறகு தெரிந்தது.

நாலசைக் கேள்விதான் பிடிபடவில்லை.
ஆய்வகத்தில் என் சிலிக்கான் தகடு விரிசல்விட்ட அன்று
‘தனியாகவா இருக்கிறாய்’ என்று கேட்டதாக வைத்துக்கொண்டேன்.
புயல் விடுமுறையன்று, ‘மேலே ஒழுகுகிறதா?’
எல்லாவற்றுக்கும் புயோங்.
வீட்டுக்குச் ‘சாப்பிட்டாச்சு’,
பேராசிரியருக்கு ‘வெள்ளிக்குள் முடிந்துவிடும்’,
காட்டுக்குத் ‘தேவையில்லை’.
ஒரு நாளைக்கு மூன்று பொய்க்கு மேல் நான் சொல்வதில்லை.

குப்பை வண்டி ஏழு நாற்பதுக்குப் பியானோ வாசித்தபடி வரும்.
உறைபெட்டியில் சேர்த்துவைத்த ஆரஞ்சுத் தோலோடு ஓடுவோம்,
நானும் அடுத்த அறை நோமினும்.
மங்கோலியா என்றதும் குதிரை ஓட்டத் தெரியுமா என்று கேட்டால்
அவளுக்குக் கெட்ட கோபம் வரும். அப்பா கணக்காளர்.
ஒருநாள், பழைய காகிதக் கட்டில் நான் செருகியிருந்த ரசீதுகளை
மூன்றாம் மாடித் திருமதி பெங்
ஒவ்வொன்றாய் உருவி என் கையில் திணித்து
விரல்களை மூடிவிட்டு ஏதோ அதட்டினார்.
காகிதத்தோடு அது சேராது போலும்.
காலி நூடுல்ஸ் கோப்பையில் போட்டுவைத்தேன்.
வேறு எங்கே போட?

நவம்பர் இருபத்தைந்து.
ஆய்வகத்தில் ஆளாளுக்கு ரசீதைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.
இங்கே ஒவ்வொரு ரசீதும் அரசாங்கப் பரிசுச்சீட்டு
என்றான் போ-ஹான், தேநீரின் கறுப்பு உருண்டைகளை மென்றபடி.
அந்தக் கேள்வியை அவனிடம் பாடிக் காட்டினேன், நாலு அசையையும், ஏற்ற இறக்கத்தோடு.
சிரித்தான்.
‘ரசீதைக் கைபேசியில் ஏற்றவா என்று கேட்கிறாள்.’
அந்த மா?
‘அது வெறும் கேள்விக்குறி.’

ஓ.

அன்றைக்குக் காற்று எதிரே அடித்தது.
சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்து சேர்ந்தேன்.

கோப்பையில் நூற்றுப் பதினோரு ரசீது.
ஒன்றின் கடைசி மூன்று எண் பொருந்தியது. இருநூறு.
அக்டோபர் ஒன்பது, இரவு பதினொன்று ஐம்பத்திரண்டு.
முக்கோணச் சோறு ஒன்று, சோயாப் பால் ஒன்று.
தகடு விரிசல்விட்ட ராத்திரி.

காடு இரண்டு நூறு தாளை இரு கையாலும் நீட்டினாள்.
சோறு வாங்கினேன். சூடாக்கவா?
வேண்டும் என்றேன், புத்தம்புதுச் சொல்லில்.
பிறகு நாலசை.
ஒவ்வோர் அசையும் புரிந்தது.
புயோங் என்றேன், கையில் காகிதம் வேண்டுமென்பதற்காக.
அன்றைக்கு இரண்டே பொய்.

வெளியே நின்று பிரித்தால்
கடற்பாசித் தாள் நைந்து விரலெல்லாம் ஒட்டுகிறது.
ஆறியதுதான் நன்றாக இருந்திருக்கிறது.
நாளைக்குச் சொல்லிவிட வேண்டும், புயோங் என்று,
இதற்கு மட்டுமாவது.