முக்கால் மில்லிமீட்டர்

பகலில் நான் பல் செய்பவன்.
ஒலொமோட்ஸ் நகரில், ட்ராம் திரும்பும் முனையில்,
இரண்டாம் மாடிப் பட்டறை.
மெழுகில் ஒரு கடைவாய், பீங்கானில் ஒரு முன்வாய்.
நாளை யாரோ அதை வைத்து ஆப்பிள் கடிப்பார்.

இரவில் எனக்கு வேறு பல்.
விரல் நீளப் பிடி. அதன் நுனியில்
சட்டைப் பொத்தானை விடச் சின்னப் பற்சக்கரம்.
பல்லுக்கும் பல்லுக்கும் முக்கால் மில்லிமீட்டர்.
நாற்பத்தெட்டால் பெருக்கினால் முப்பத்தாறு:
நிஜ இறக்கையில் ஒரு ரிவெட்டிலிருந்து
அடுத்த ரிவெட்டுக்கு உள்ள தூரம்.

டக்மார் கொலாச் சுட்ட அன்று
மேசையில் சிந்திய கசகசாவைக் காட்டி
'இதையே ஒட்டிவிடேன், வேலை மிச்சம்' என்றாள்.
கணக்குப் போட்டுச் சொன்னேன்:
உன் கசகசா என் விமானத்தில்
ஓர் எலுமிச்சம்பழம்.
எலுமிச்சம்பழம் அறைந்த இறக்கையில்
எவன் ஏறுவான்?

வழிகாட்ட ஒரு பட்டை ஒட்டி
மூச்சைப் பிடித்து உருட்ட வேண்டும்.
அழுத்தினால் பிளாஸ்டிக் முகம் சுளிக்கும்.
தயங்கினால் பெயின்ட் தின்றுவிடும்.
சரியாகப் போனால் ஒரு சத்தம்,
அடுத்த அறையில் யாரோ
பையின் ஜிப்பை மெல்ல இழுப்பது போல.

வலது இறக்கையை அப்படித்தான் முடித்தேன்.
இடதுக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை,
ஏரோகிளப் கொட்டகைக்குப் போனேன்.
காற்றிறங்கிய சக்கரங்களில்
மஞ்சள் பயிற்சி விமானம்.
இறக்கை மேல் மெல்லிய தாள் விரித்து
பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன்.
காவலாளி ஓட்டகார் நாயோடு வந்து நின்றார்.
'கல்லறைக் கல்லைத்தான் இப்படித் தேய்ப்பார்கள்.'

தாளில் புள்ளிகள் எழுந்து வந்தன,
வரிசையாக, பள்ளிப் பிள்ளைகள் மாதிரி.
ஐந்தாம் விலாவுக்கும் ஆறாம் விலாவுக்கும் நடுவே மட்டும்
கோடு ஒரு நூல் இறங்கியது.
மூன்று ரிவெட்டுகள் முட்டிக்கொண்டு நின்றன.
ஒரு துளையை அடைத்துவிட்டு
பக்கத்திலேயே இன்னொன்று.
அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி
நேராகப் போய்விட்டது.

என்ன ஆகியிருக்கும்?
தும்மலா, ஷிப்ட் மணியா,
வெளியே சுத்தியலோடு நின்றவனுக்கும்
உள்ளே இரும்புக் கட்டியால் முட்டுக்கொடுத்தவளுக்கும்
காலையிலிருந்தே பேச்சில்லையா?
ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும்.
சோதித்தவர் பார்த்திருப்பார், கையெழுத்துப் போட்டிருப்பார்.
பதினெட்டு வருடம் பறந்திருக்கிறது.

பற்சக்கரத்துக்குத் தும்மத் தெரியாது.
அதை டப்பாவில் போட்டுவிட்டு ஊசி எடுத்தேன்.
தாளைப் பார்த்துப் பார்த்து
ஒவ்வொன்றாகக் குத்தினேன்.
இறக்கை நெளியாமலிருக்க
உள்பக்கம் என் இடது ஆள்காட்டி விரல்
அவள் இடத்தில் நின்றது.
பதினொரு புள்ளிகள். இரண்டு இரவுகள்.

போட்டி, பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில்.
நடுவர் ஹ்ராடில் டார்ச்சைச் சாய்த்து அடித்தார்.
வலது இறக்கைக்குத் தலையாட்டினார்.
இடதில் வெளிச்சம் நின்றது.
எழுதினார்: 'சக்கரம் வழுக்கியிருக்கிறது. கழித்தல் இரண்டு.'

பென்சில் தாள் என் பையில்தான் இருந்தது,
நான்காக மடித்து.
கையை விட்டேன். அதைத் தொடக்கூடச் செய்தேன்.

அப்போது அவர், பரவாயில்லை என்பது போல,
என்னைப் பார்த்துச் சிரித்தார்.
மேல் வரிசை, இடது பக்கம், இரண்டாவது.
போன மார்கழியில் என் பட்டறையிலிருந்து போனது.
நேராக வைத்தால் பொய்ப்பல் என்று
ஊரே கண்டுபிடித்துவிடும் என்று
ஒரு மயிரிழை திருப்பி வைத்தேன்.
ஓரத்தில் பழைய காபிக் கறை கொஞ்சம், தூரிகையால்.

இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.
நானும் சிரித்தேன்.
தாளை விட்டுவிட்டு
கசகசா கொலாச்சை வெளியே எடுத்து நீட்டினேன்.
நன்றாகக் கடித்தார்.