ஒரே விலை

சிக்பேட்டையில் இருபத்தாறு வருஷம்
வெள்ளை மெத்தைமேல் வெறுங்காலோடு
சேலை விரித்துப் போட்டவன் நான்.

குண்டூசி ஏறியது எனக்குத் தெரியாது.
முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தவர்களின் குழந்தைதான்
"அங்கிள் போற எடமெல்லாம் பொட்டு" என்றது.
திரும்பினேன்.
விரிப்பில் ஏழு சிவப்பு,
ஒரே அளவு, ஒரே இடைவெளி,
புட்டா போட்ட மாதிரி.
வலியா?
அது என் காலை விட்டுப் போய்
எத்தனை தீபாவளி ஆயிற்றோ.

சேட்டு முதலில் விரிப்பை மாற்றச் சொன்னார்.
அப்புறம்தான் ஆஸ்பத்திரி.

புண் ஆற ஒன்பது வாரம்.
பிறகு ஜெயநகரில் ஒரு மாடி அறை,
நாகவேணி என்றொரு பெண்.
தட்டு ஒன்றின்மேல் ஏறி நிற்கச் சொன்னாள்.
திரையில் என் பாதம், கலர் கலராக.
"எப்படி இருக்கு?" என்றாள், சும்மா பேச்சுக்கு.
வாய் தானாகத் திறந்துகொண்டது:
குதிகால் மாம்பழ மஞ்சள்,
ஓரம் கிளிப்பச்சை,
நடுவில் ராமர் நீலம்,
பெருவிரலுக்குக் கீழே மட்டும்
அரக்கு. கெட்டி அரக்கு.
"அந்த அரக்குலதான் சார் உங்க பாரமெல்லாம் இறங்குது,
ஒரு ரூபாய்க் காசு அகலத்துல."

பெட்டி நிறைய ரோஸ் நுரை. மிதித்தேன்.
அப்பளம் போல நொறுங்கி
என் மேடு பள்ளத்தை வாங்கிக்கொண்டது.

பத்து நாளில் வந்தது, மூன்று அடுக்கு.
பழக்கதோஷம்,
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே
தேய்த்துப் பார்த்தேன், அசலா என்று.
அரக்கு இருந்த இடத்துக்கு நேராக
ஒரு குழி விட்டிருந்தாள்.
நாலாயிரத்து இருநூறு.
பார்த்துப் போட்டுக் கொடுங்களேன் என்றேன்.
ஆயுசெல்லாம் கேட்டுச் சலித்த வார்த்தை,
என் வாயிலிருந்து அன்றைக்குத்தான் வந்தது.

சுகமா இருக்கா என்றாள் மனைவி.
தெரியலை என்றேன்.
வலி தெரியாத கால்
சுகத்தை மட்டும் எப்படிச் சொல்லும்?
ராத்திரி கண்ணாடி பிடித்து உள்ளங்காலைப் பார்ப்போம்.
சிவப்பு இல்லை.
அதுதான் சுகம்.

ஆனால் கடை வாசலில் ஷூவைக் கழற்ற வேண்டும்.
ஒன்பது மணி நேரம்
என் பள்ளத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு
காற்றுக்கு வைத்தியம் பார்த்தது அது.
நான் மறுபடி மெத்தைமேல், வெறுங்காலோடு.
நாகவேணி போனில் திட்டினாள்:
"தெருவையே பாக்காத ஷூ ஒண்ணு வாங்குங்க,
கடைக்குள்ள மட்டும்."

சேட்டிடம் கேட்டேன்.
"மெத்தையில ஷூவா? லட்சுமி உட்கார்ற எடம்யா."
லட்சுமி உட்கார்ந்துதானே இருக்கா சேட்டு,
நிக்கிறவன் நானில்ல
என்பது நாக்கு நுனிவரை வந்தது.
மகளின் காலேஜ் பீஸ் ஞாபகம் வந்து
திரும்பிப் போனது.

வியாழக்கிழமை ஷட்டர் பாதி இறங்கியதும் கூப்பிட்டார்.
"அதைக் கொண்டா."
குழியில் விரலை விட்டுப் பார்த்தார்.
ஏப்ரல் வெயிலிலும் சாக்ஸோடு உட்காரும் மனுஷன்,
ஏனென்று நாங்கள் கேட்டதில்லை.
இடது சாக்ஸை மெல்ல உருட்டினார்.
உள்ளே கட்டு,
இன்றைக்குக் கட்டியது இல்லை.

"ரெண்டு ஜோடி எடுத்தா கொறைப்பாங்களா?"

அவர் தலைக்குமேல் பித்தளைப் போர்டு
மூன்று பாஷையில்: ஒரே விலை.

கேட்டுச் சொல்றேன் சார் என்றேன்,
வாடிக்கைக்காரரிடம் பேசும்
அதே குரலில்.