ஒரு யூரோ வெள்ளை

கவுனாஸில் வியாழன் மாலைகளில்
யாரோ உடுத்திக் கழித்த சட்டைகள்
ஒன்று ஒரு யூரோ.
வெள்ளிக்குப் புதுச்சரக்கு வந்துவிடும்.

காலரைப் பார்த்தேன், அக்குளைப் பார்த்தேன்.
விளக்குக்கு நேரே பிடித்தபோதுதான்
இடப்பக்கம், பைக்குச் சற்று மேலே
அருகருகே இரண்டு துளைகள்.
"பூச்சி இல்லை" என்றாள் கல்லாவில் ருகீலே,
"பூச்சிக்கு இத்தனை ஒழுங்கு ஏது?"

வெள்ளையில்தான் எத்தனை வெள்ளை!
வாங்கிய நூலில் நீலம் பாய்ந்திருந்தது.
கடைசியில் சட்டையின் அடிமடிப்பைப் பிரித்து
அதன் இழையையே உருவினேன்.
ஹீட்டர் மேல் ஈரக் காலுறைகள்.
எட்டாம் எண் டிராலிபஸ் கடைசி முறையாகப் போயிற்று.
ஒன்றன் மேல், ஒன்றன் கீழ்,
பெருமூச்சு விட்டால் இழை நழுவும்.
இரண்டு மணிக்கு ஒன்று அடைந்தது,
மூன்றரைக்கு மற்றது.
தேய்த்து மாட்டியபின்
எங்கே தைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

காலையில், ஹோட்டல் வரவேற்பில்
மேலாளர் கைகுலுக்கி,
பித்தளையில் என் பெயர் தந்தார்:
ரிம்விதாஸ்.
பின்புறம் இரண்டு முள்.

கண்ணாடி முன் நின்று
விரலால் தடவித் தடவித் தேடினேன்,
ராமுழுக்கக் கண்விழித்துத்
தொலைத்த இடத்தை.