ஆறாம் சுவடு

கொட்டாஞ்சேனையிலிருந்து விடியக் கிளம்பி நடந்தே வந்துவிடுவேன்.
பஸ்ஸில் ஏறினால் யாராவது முகத்தை இரண்டு தரம் பார்ப்பார்கள்:
முதல் தரம், பேப்பரின் கடைசிப் பக்கத்தில் கண்ட முகம்.
இரண்டாம் தரம், முதல் பக்கத்தில் கண்டது.

சுகததாச மைதானத்தில் எனக்கு வேலை
எட்டுச் சுவட்டுக்கும் புளொக் வைப்பது,
ஆணி பதியக் குதியால் மிதிப்பது,
ஓட்டம் தொடங்கியதும் எட்டையும் தூக்கிக்கொண்டு
அடுத்த தொடக்கக் கோட்டுக்கு நடப்பது.
நாட்கூலி. மத்தியானம் சோற்றுப் பார்சல்.
பொலிஸ் நற்சான்றிதழ் கேட்ட வேலைகள் எல்லாம்
வாசலோடு முடிந்துவிட்டன.

இதைத் தந்தவள் சந்திமா.
நானூறு மீட்டரில் ஐந்து வருடம் எனக்குப் பின்னால் வந்தவள்.
இப்போது நடுவர்; மூக்குக்கண்ணாடி, கொஞ்சம் தொந்தி.
முதல் நாள் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்:
"உன்ட முதுகுதான் எனக்கு நல்லாத் தெரியும், எமல்டா.
முகத்தப் பாத்துக் கதைக்கிறது இண்டைக்குத்தான்."
பிறகு ஒரு தொப்பி தந்தாள்,
ஆரஞ்சு மேலங்கி ஒன்று,
எனக்கு இரண்டு அளவு பெரிது.

அந்தப் பையில் என்ன இருந்தது என்று தெரியாது:
அப்படித்தான் நீதிமன்றத்தில் சொன்னேன்.
அஞ்சல் ஓட்டத்தின் கோல் ஐம்பது கிராம்.
கையில் விழுந்த கணமே கூடக் குறையச் சொல்லிவிடுவேன்.
புறக்கோட்டையில் அந்தப் பை கை மாறியபோது
எவ்வளவு என்று விரல்களுக்குத் தெரியும்.
முழங்கால் சத்திரசிகிச்சை, அதற்குப் பட்ட கடன், வாடகை
எல்லாம் சொல்லி அழுதேன்.
விரல்களைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

வெலிக்கடை முற்றம் நீளத்துக்கு முப்பத்தொரு எட்டு.
மூலையில் திரும்பும்போது உடம்பு தானாக
இடப்பக்கம் சாயும்.
ஒன்பது வருடம் சாய்ந்தது.

இன்று, பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள், இருநூறு மீட்டர்,
மூன்றாம் தகுதிகாண்.
ஆறாம் சுவட்டில் பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளை.
இரவு பஸ்ஸில் வந்த முகம்;
நெஞ்சில் இலக்கத் துணி ஒரு ஊசி கழன்று தொங்குகிறது.
வெடிக்கு முன்னே அவள் தோள் அசைந்தது.
மறு வெடி. எல்லோரும் நின்றார்கள்.
சிவப்பு அட்டை.

என் காலத்தில் முதல் பிழைக்கு எச்சரிக்கைதான்.
திரும்பி வந்து, கையை உதறி, மறுபடி குந்தலாம்.
நான் உள்ளே இருந்த வருடங்களில்
எங்கேயோ ஒரு மேசையைச் சுற்றி இருந்து
அந்த விதியை எடுத்துவிட்டார்கள்.
இப்போது அசைந்தால் வெளியே.

புளொக்கை எடுக்கக் குனிந்தேன்.
பிள்ளை நகரவில்லை.
"நான் அசையல மிஸ். கட்டைதான் வழுக்குச்சு."

பார்த்தேன். பின் ஆணி பாதிதான் இறங்கியிருந்தது.
இனி ஒரு மிதி. அது போதும்,
யாருக்கும் தெரியாது.
சந்திமா தாளோடு வந்துகொண்டிருந்தாள்.
நாளைக்கு இந்த வேலை இருக்குமா,
சோற்றுப் பார்சலில் இன்று மீனா,
இப்படி ஏதேதோ மனதில் ஓடியது.
பிறகு சொன்னேன்:
"ஆணி சரியாப் பதியேல்லை. மிதிச்சது நான்."

சந்திமா என் முகத்தைப் பார்த்தாள்.
நெடுநேரம் பார்த்தாள்.
குனிந்து எழுதினாள்:
ஆறாம் சுவடு, ஆட்சேபத்துடன் ஓடுகிறார்.
நேரம் குறிக்கப்படும்; அது செல்லுமா செல்லாதா என்று
பின்னேரம் கூடி முடிவெடுப்பார்களாம்.
அப்படியும் ஓடலாம் என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.

முன் ஆணி. பின் ஆணி.
குதி நோகும்வரை மிதித்தேன்.
பிள்ளை குந்தினாள், அந்த ஊசி இன்னும் தொங்க.
வெடி.

வளைவில் அவள் இடப்பக்கம் சாய்ந்து போனதைக்
கொஞ்சத் தூரம் பார்த்தேன்.
எட்டுப் புளொக் கிடந்தன, தூக்க.
அடுத்தது நூறு மீட்டர்;
கோடு மைதானத்தின் அந்தப் பக்கம்.